குடிக்கக் கூடாத தண்ணீர்

“என் பேரு மணிவண்ணன். வயசு இருவத்தி மூணு. இப்ப குவைத்துல இருக்கேன், கூடாரம் போடுற வேலை. இந்தப் பொட்டிக்குள்ள என் தங்கச்சி வெற்றிச்செல்வியோட சக்கர ஊசி மருந்து இருக்கு. இது இல்லன்னா அவ உசுரோட இருக்க முடியாது. யாரும் தொறக்காதீங்க. காலையில ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி, எங்கம்மா மட்டுந்தான் தொறக்கணும். நம்பர் அஞ்சுல இருக்கு, அத மாத்தாதீங்க. வெயில்ல வைக்காதீங்க. மருந்தத் தவிர வேற எதையும் உள்ள வைக்காதீங்க. எதாவது கத்துச்சுன்னா எனக்குப் போன் போடுங்க. எந்நேரமா இருந்தாலும் எடுப்பேன்.”

பேசப் பேசப் போனே எழுதிக்கொள்ளும் வசதியில் மணிவண்ணன் அனுப்பியது அது. செந்துறைக் கடைவீதியில் தாளாக எடுத்து, பாலித்தீன் கவருக்குள் போட்டு, பெட்டியின் மூடிமேல் நாலு பக்கமும் டேப் அடித்து ஒட்டியிருந்தாள் அவன் அம்மா வேம்பு. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அந்தத் தாள் மனப்பாடம். யாராவது கொட்டாய்க்குள் தலையை நீட்டினால் போதும், “எம்மவன் எழுதியிருக்கான், படிச்சிப் பாரு” என்று கையைக் காட்டிவிடுவாள்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிழக்கே இருக்கிற அரங்கநாதனின் முந்திரிக்காட்டை இந்த வருசமும் வேம்புவின் புருசன் ராசாங்கமும் மதுரைவீரனும் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். பங்குனியில் கொட்டை விழத் தொடங்கும். விழுந்ததை விடியும்போதே பொறுக்காவிட்டால் வேறு யாராவது பொறுக்கிவிடுவார்கள். அதனால் சித்திரை முடியும்வரை குத்தகைக்காரர்கள் காட்டிலேயேதான் கிடப்பார்கள். நாலு கவைக்கம்பு, மேலே பனையோலை, அதன் மேல் தார்ப்பாய், வெயில் விழும் பக்கம் முந்திரிக் கிளையை வெட்டிச் சாத்திய மறைப்பு. அதுதான் கொட்டாய். அந்தக் காட்டிலும் அடுத்த காடுகளிலுமாக அப்படி ஏழெட்டுக் கொட்டாய்கள் இருந்தன. கரண்டு கிடையாது. குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் டிராக்டர் டேங்கில் வரும்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வெற்றிச்செல்வியையும் காட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. ஏழாவது முடித்த பிள்ளை. ஊசியைத் தானே போட்டுக்கொள்வாள். ஆனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் வாயில் வெல்லத்தை வைக்க ஊர் வீட்டில் ஆளில்லை.

போன வருசமும் இப்படித்தான் கூட்டிவந்தார்கள். அப்போது மருந்து அரங்கநாதன் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. அவர் மனைவி கவிதா நல்ல மனுசி. வேம்பு பின்வாசலில் போய் நின்றதும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு மருந்தை எடுத்துவந்து கொடுப்பாள். உள்ளே வா என்று மட்டும் சொன்னதில்லை. வேம்புவும் அதை எதிர்பார்த்ததில்லை. கத்திரி வெயில் ஏறியபோது, பாவம் பச்சப்பிள்ளை மருந்து, இன்னும் கொஞ்சம் ஜில்லென்று இருக்கட்டும் என்று கவிதாதான் அதை மேலே ஐஸ் அறைக்கு மாற்றினாள். உறைந்தால் அந்த மருந்தின் வேலை போய்விடும். ஆனால் கட்டியாகி உருகிய மருந்து பார்வைக்கு அதே மருந்துதான். அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள் வெற்றிச்செல்வி.

குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். பொறுக்கப்போன இடத்தில் மரத்தடியில் படுத்துக்கொண்டாள். வாயிலிருந்து நொந்த பழத்தின் வாசம் வந்தது. அது வேம்புவின் மூக்குக்கு எட்டாமல் இல்லை. ஆனால் சித்திரையில் முந்திரிக்காட்டில் எது அந்த வாசம் அடிக்காது? கொட்டையைத் திருகி எடுத்த பிறகு பழம் அப்படியே மரத்தடியில் குவிந்து கிடக்கும். வெயிலில் நொந்து புளித்துக் காடே அந்த வாசமாகிவிடும். சேலையில், தலைமுடியில், கஞ்சிக் குண்டானில் எல்லாம் அதே வாசம்தான். மகள் பழம் தின்றிருக்கிறாள் என்றுதான் வேம்பு நினைத்தாள். சக்கரயிருக்கிற பிள்ளை பழத்தைத் தின்னலாமா என்று முதுகில் ஒன்று வைக்கவும் செய்தாள். மறுநாள் பிள்ளை எழுப்ப எழுப்ப எழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடிய அரியலூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா குனிந்ததும், “சக்கர ஏறி மூச்சுலயே பழவாசம் அடிக்குதேம்மா, கூட இருந்தவங்களுக்குத் தெரியலயா?” என்று கேட்டார். பிள்ளை பிழைத்து வந்தது.

அதிலிருந்து காட்டுக்குள் தன் மூக்கை அவள் நம்புவதில்லை. விடிந்ததும் மகளை ஏரிக்கரைக்கு நடத்திக்கொண்டு போவாள். அங்கே காற்று வயல் பக்கமிருந்து வரும். சேறும் நாற்றும்தான் வாசம். கரைமேல் மகளைத் தனக்கு நேராக நிறுத்தி, “ஊது” என்பாள்.

“ம்மா, மிஷின்ல குத்திப் பாத்தாச்சுல்ல?”

“அது மிஷினு. நான் ஒன்னப் பெத்தவ. ஊதுடி.”

இது நடந்தபோது மணிவண்ணன் குவைத்துக்குப் போன புதிது. அங்கே குளிர்காலத்தில் வசதியான குடும்பங்கள் பாலைவனத்தில் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் தங்கும். கரண்டே இல்லாத மணலில் அவர்கள் சூட்கேஸ் அளவு ஃப்ரிட்ஜை வைத்து, பக்கத்தில் ஒரு பேட்டரிப் பெட்டியை வைத்து, மேலே வெயிலைக் கரண்டாக்கும் தகட்டை விரித்து ஜில்லென்று குடித்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான். பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பில்லை. இந்த வருசம் கொட்டை விழுவதற்குள் அந்த மூன்றையும் செந்துறைக்கு வரவைத்துவிட்டான்.

பெட்டி வந்த அன்று ராசாங்கம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெரம்பலூர்ப் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் பல வருசம் வேலை பார்த்தவர். கரண்டு பற்றித் தனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். பெட்டியோடு இரண்டு வயர் வந்திருந்தது. ஒன்றின் முனையில் கார்களில் சொருகுவது போன்ற உருண்டை பிளக், மற்றதில் வீட்டுச் சுவரில் சொருகும் மூணு முள். உருண்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, “வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. மூணு முள்ளுதான் கரண்டு” என்று அதைச் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டார். பேட்டரியில் மூணு முள்ளுக்கும் துளை இருந்தது. பெட்டி ஓடியது. ஓடுகிறதே, அப்புறம் என்ன?

வேம்புவைப் பொறுத்தவரை அது சாமி இருக்கிற இடம். கொட்டாயின் நடுவில் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தாள். உள்ளே ஒரு டப்பா, டப்பாவுக்குள் மருந்து. அவ்வளவுதான். மிச்ச இடமெல்லாம் வெள்ளை வெளேர் என்று காலியாகக் கிடந்தது. காலையில் திறக்கும்போது அந்தக் காலியிடத்தைப் பார்த்தாலே அவளுக்கு நிம்மதி.

அடுத்த கொட்டாய் மதுரைவீரனுடையது. அவன் பெண்டாட்டி சசிகலாவுக்கு வாய் ஓயாது. இடுப்பில் ஒரு வயசுப் பிள்ளை. அதற்குத் தாய்ப்பால் பற்றவில்லை. கோயில் பக்கத்துக் கடையிலிருந்து மதுரைவீரன் காலையில் ஒரு பாக்கெட் பால் வாங்கிவருவான். காய்ச்சி வைத்தாலும் மத்தியானத்துக்குள் திரிந்துவிடும். சித்திரை வெயில் அப்படி.

ஒருநாள் தூக்குவாளியோடு வந்து நின்றாள்.

“யக்கா, ஒரு ஓரமா இத வச்சுக்கயேன். சாயந்தரம் எடுத்துக்கறேன்.”

வேம்பு தாளைக் காட்டினாள்.

“அது கெடக்கட்டும் யக்கா. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு வச்சுக்க. பால் என்னா மருந்தக் கடிச்சா தின்னுடப்போவுது?”

“இல்ல சசி. எம்மவன் வேற எதையும் வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டான்.”

“ஒம்மவன் குவைத்துலேர்ந்து எட்டிப் பாக்கப்போறானா?”

“பாக்காட்டியும் வைக்கமாட்டேன். போன வருசம் ஒருத்தவங்க வூட்டு ஃப்ரிட்ஜ நம்பி எம்புள்ள போயிட்டு வந்துருக்கு. ஒனக்குத் தெரியாததா?”

“அதுக்கு நான் என்னா பண்ணுனேன்? அவ்ளோ பெரிய பொட்டியில எம்புள்ளைக்கு ஒரு சாண் எடம் இல்ல.” சசிகலா பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “வாடா, போவலாம். இது சாமிப் பொட்டி. நம்ம பாலு பட்டா தீட்டுப்பட்டுடும்.”

அந்தச் சொல் வேம்புவைச் சுருக்கென்று குத்தியது. எத்தனை பின்வாசலில் நின்றவள் அவள். கூப்பிட்டு வாங்கி வைத்துவிடலாமா என்று ஒரு நிமிசம் நினைத்தாள். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் கிடந்த கிடை கண்ணில் வந்தது. கூப்பிடவில்லை.

அதன்பிறகு இரண்டு கொட்டாய்க்கும் பேச்சு அறுந்தது. பொறுக்கும்போது ஒரு மரத்தின் இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். பழத்தைக் கையில் பிடித்துக் கொட்டையைத் திருகிக் கூடையில் போடும் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். சாயங்காலத்தில் அந்தப் பிள்ளை பசியில் அழுவது வேம்புவின் கொட்டாய்க்கு நன்றாகக் கேட்டது.

வெயில் நாளுக்கு நாள் ஏறியது. செம்மண் காலைச் சுட்டது. பெட்டி முன்பெல்லாம் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நிற்கும். இப்போது நிற்பதே இல்லை. வெளிப்பக்கத்தைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. வேம்புவுக்குப் பதறியது. தண்ணீர்ப்பானையை எப்படிக் குளிர வைப்பார்கள்? சாக்கை நனைத்துச் சுற்றுவார்கள். அதையே செய்தாள். சணல் சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, பெட்டியை மேலும் பக்கவாட்டிலுமாக இழுத்து மூடினாள். காயக் காய நனைத்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரையே ஊற்றினாள். தன் பங்குக்குக் கஞ்சியில் உப்பைக் கூட்டித் தண்ணீரைக் குறைத்தாள்.

“குடிக்கறதுக்கு மிச்சம் வைய்யி. டேங்கு நாளைக்குத்தான் வரும்” என்றார் ராசாங்கம்.

“எனக்குத் தாவம் எடுக்கல.”

ஆனால் பேட்டரியின் நம்பர் தினமும் இறங்கிக்கொண்டே வந்தது. பகலெல்லாம் வெயில் தகடு ஏற்றுவதைப் பெட்டி பகலிலேயே தின்றுவிடும். விடியும்போது அடியைத் தொட்டிருக்கும். பேட்டரியில் ஏதோ ஓட்டை என்று ராசாங்கம் முடிவுகட்டி அதைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

பிறகு அந்த மூட்டம் வந்தது. கோடைமழை வரும்போல வானம் கறுத்து, மழையும் பெய்யாமல் காற்றும் அடிக்காமல் காட்டை மூடிக்கொண்டு நின்றது. புழுக்கத்தில் முந்திரி இலைகூட அசையவில்லை. தகட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் பேட்டரி நம்பர் ஏறவில்லை. மத்தியானக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பெட்டி கத்தத் தொடங்கியது.

வெற்றிச்செல்வி எட்டிப் பார்த்தாள். “ம்மா, அஞ்சு இல்ல. பதினாறுன்னு காட்டுது.”

வேம்பு கையைக் கழுவாமலே எழுந்து போனை எடுத்து மகள் கையில் திணித்தாள். “அண்ணனக் கூப்புடு. ஓடு.”

காட்டுக்குள் டவர் கிடைக்காது. தெற்கே மண் வெட்டிக் கொட்டிய ஒரு மேடு உண்டு. அதில் ஏறிக் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றால் கிடைக்கும். மகள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு ராசாங்கமே அங்கே போய் மகனைப் பிடித்தார். பிறகு மேட்டுக்கும் கொட்டாய்க்கும் நடுவில் ஒரு மரத்தடியில் மணிவண்ணன் முகம் விட்டு விட்டுத் தெரிந்தது. தலையில் துணி சுற்றியிருந்தான். வேலையில் இருந்திருக்கிறான்.

“என்னாப்பா? பாப்பா எப்புடியிருக்கா? மொதல்ல அவளக் காட்டு.”

“நான் நல்லாத்தான் இருக்கேண்ணே. பொட்டிதான் கத்துது.”

“பொட்டியக் காட்டு. பேட்டரியக் காட்டு. ரெண்டையும் இங்க தூக்கிட்டு வாங்க. ம்மா, அழுவாத. அழுதா எனக்குக் கையி ஓடாது.”

ராசாங்கம் பேட்டரியையும் வேம்புவும் மகளுமாகப் பெட்டியையும் மரத்தடிக்குத் தூக்கிவந்தார்கள். சாக்கோடு.

“அது என்னாம்மா மேல?”

“சாக்குடா. சுடுதேன்னு நனச்சிப் போட்டுருக்கேன்.”

மணிவண்ணன் போனை முகத்துக்குக் கிட்டே இழுத்து உற்றுப் பார்த்தான்.

“ம்மா, பக்கத்துல சல்லட மாதிரி ஓட்ட ஓட்டையா இருக்குல்ல? அது மூக்கு. உள்ள இருக்கற சூட்ட அது வழியாத்தான் வெளிய துப்பும். நீ அதப் பொத்தி வச்சிருக்க. துப்ப முடியாம நாளெல்லாம் ஓடிக்கிட்டே கெடக்குது. அதான் பேட்டரியத் தின்னுருக்கு.”

வேம்பு சாக்கை உருவினாள். அடியில் சல்லடை சுடச்சுட இருந்தது.

“எத்தன கொடம் தண்ணியடா ஊத்துனேன்” என்றாள். யாரிடமும் சொல்லாதது மாதிரி சொன்னாள்.

“சரிம்மா, ஒனக்கு எப்புடித் தெரியும்? வயர் எங்க சொருவியிருக்கு? காட்டு. ப்பா! மூணு முள்ளுலயா போட்டுருக்கீங்க?”

“அதாண்டா கரண்டு.”

“பேட்டரியில இருக்கறது வூட்டுக் கரண்டு இல்லப்பா. அத வூட்டுக் கரண்டா மாத்தி, பொட்டி திரும்ப அதப் பழையபடி மாத்தி, மாத்துறதுலயே பாதி வழியில கொட்டிப்போவுது. உருண்ட பிளக்கு ஒன்னு குடுத்தாங்களே, அது எங்க?”

ராசாங்கம் கொட்டாய்க் கூரைப் பக்கம் பார்த்தார். “அது… பத்தரமாத்தான் வச்சிருக்கேன்.”

“கிரஷர் இஞ்சினியரு” என்றாள் வேம்பு. அந்த நேரத்திலும் அவளுக்கு வாயில் வந்துவிட்டது.

“நீ சாக்குப் போட்டவதான?”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. ம்மா, மூடிய லேசாத் தொறந்து உள்ள காட்டு, சட்டுன்னு மூடிடு.”

திறந்தாள். வெள்ளைக் காலியிடம், மூலையில் ஒற்றை டப்பா.

“இதுல வேற ஒன்னும் இல்லயா?”

“நீதானடா மருந்தத் தவிர வேற எதையும் வைக்கக்கூடாதுன்ன. பச்சத்தண்ணி கூட வைக்கல. கேட்டவங்களத் தொரத்தி வுட்டுருக்கேன்.”

மணிவண்ணன் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். “நான் மீனு கீனு வச்சிடப்போறீங்களேன்னு பயந்து சொன்னேன்மா. இங்க கூடாரத்துல காலிப் பொட்டியே நான் பாத்ததில்ல. எப்பவும் தண்ணியும் ஜூசுமா திணிச்சி வச்சிருப்பாங்க. அதனாலதான் குளுர்ச்சி நிக்குதுன்னு எனக்கே அப்பத் தோணல. காலியா இருந்தா மூடியத் தொறந்ததும் குளுர் எல்லாம் கொட்டிடும், திரும்ப மொதல்லேர்ந்து குளுர வைக்கணும். பாட்டில் பாட்டிலா தண்ணி இருந்தா அது குளுர்ச்சியப் புடிச்சி வச்சிக்கும். பகல்ல வெயில் இருக்கையில அந்தத் தண்ணி குளுந்துடும். ராத்திரி பேட்டரிக்கு வேலையே இருக்காது.”

“அப்ப இப்ப என்னா பண்றது?”

“அப்பா பேட்டரியத் தூக்கிட்டுப் போயி எங்கயாவது கரண்டு இருக்கற எடத்துல ஏத்திட்டு வரட்டும். அதுவரைக்கும் மருந்த டப்பாவோட பாலித்தீன்ல கட்டி, மண்பானைத் தண்ணியில வைய்யி. நெழல்ல வைய்யி. ஒரு ராத்திரி தாங்கும்மா. தாங்கும்.” இரண்டாவது தடவை சொன்னது தனக்கே சொல்லிக்கொண்டது மாதிரி இருந்தது.

கரண்டு இருக்கிற இடம் என்றால் அரங்கநாதன் வீடுதான். ராசாங்கம் பேட்டரியை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

வேம்பு மருந்தைப் பாலித்தீனில் சுற்றிக்கொண்டு பானைக்குப் போனாள். பானையில் கையை விட்டாள். அடியில் ஒரு குவளைத் தண்ணீர்கூட இல்லை. எல்லாம் சாக்கில் போயிருந்தது. காய்ந்த பானை உள்ளேயே வெதுவெதுப்பாக இருந்தது.

மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கைச் சூடு அதில் ஏறுவது மாதிரி தோன்றியது. முந்தானையில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

சசிகலா கொட்டாய் வாசலில் கொட்டையைக் காயவைத்ததைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். மழை வந்துவிடுமோ என்ற அவசரம். நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள்.

“சசி.”

சசிகலா அள்ளுவதை நிறுத்தவில்லை.

“ஒம் பானையில தண்ணி இருக்கா?”

“குடிக்கவா?”

“குடிக்க இல்ல.” வேம்பு முந்தானையை விரித்துக் காட்டினாள். “இத ஒரு ராத்திரி அதுக்குள்ள வச்சிக்கணும். பொட்டி நின்னுபோச்சு. எம்பானையில தண்ணி இல்ல.”

சசிகலா கூட்டுமாற்றைப் போட்டுவிட்டு எழுந்தாள். வேம்புவின் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

“நாங்க குடிக்கற தண்ணி யக்கா. எச்சக்கையி படும், புள்ள கைய வுடும். ஒஞ் சாமிக்கு ஆவுமா?”

“சசி, அன்னைக்கு நான்…”

“இரு, நான் இன்னும் பேசி முடிக்கல. எத்தன நாளா மனசுல வச்சிருந்தேன் தெரியுமா? கேளு. எம்புள்ள சாயந்தரத்துல கத்துனது ஒனக்குக் கேட்டுதா?”

“கேட்டுது.”

“கேட்டுதுல்ல? அவ்ளோதான். இப்ப குடு.”

மருந்தை அவளே வாங்கினாள். பாலித்தீன் முடிச்சை இழுத்துப் பார்த்து, இன்னொரு கவரைப் போட்டு இறுக்கிக் கட்டினாள். பானை மூடியைத் தூக்கி, குடிக்கிற தண்ணீருக்குள் கையை விட்டு அடியில் வைத்தாள். மிதந்தது. ஒரு கூழாங்கல்லைக் கழுவிச் சேர்த்துக் கட்டி மறுபடியும் அமிழ்த்தினாள். பிறகு பானையைக் கொட்டாயின் உள்பக்கம் நகர்த்தி, ஈரமணலை அதைச் சுற்றி அணைத்தாள்.

“இன்னைக்கு எல்லாரும் கம்மியாத்தான் குடிக்கணும்” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். “தண்ணி எறங்குனா மருந்து வெளிய வந்துடும். கேட்டுதா?”

“எனக்குத் தண்ணி குடிக்கவே பயமா இருக்கே” என்றான் உள்ளே படுத்திருந்த மதுரைவீரன்.

“பயந்துகிட்டே படு.”

வேம்பு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொட்டையை அள்ளுவதில் கூடமாட ஒத்தாசை செய்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டில் விசயத்தைச் சொன்னாள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் வேண்டும், பெட்டி கொள்கிற மட்டும்.

“நெரப்பி?”

“உள்ள வைக்கணும்.”

“வச்சி? எப்பக் குடிக்கறது?”

“குடிக்கக்கூடாது. அது பாட்டுக்குக் குளுந்து கெடக்கணும். அதாம் அதுக்கு வேல.”

சசிகலா வாயைப் பிளந்தாள். “குளுந்து கெடக்கறது ஒரு வேலையா? இந்த ஆளுக்குத் தெரிஞ்சா நானே போயி உள்ள படுத்துக்கறேம்பாரு.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு வேம்புவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராசாங்கம் மறுநாள் காலையில்தான் வந்தார். பேட்டரி முழுக்க ஏறியிருந்தது. கூடவே ஒரு துணிப்பையில் ஐஸ் பாட்டில் ஒன்று.

“கவிதாம்மா குடுத்தனுப்புச்சு. நடந்தத எல்லாம் கேட்டுச்சு. அப்புறம் உள்ள போயி இத எடுத்தாந்து குடுத்துச்சு. ‘மருந்துல ஒட்டாம வைக்கச் சொல்லுங்க, ஒட்டிடக்கூடாது’ன்னு வாசல் வரைக்கும் வந்து சொல்லுச்சு.”

வேம்பு அந்தப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். பிறகு ராசாங்கத்தின் தோளில் கிடந்த துண்டை உருவி, அதைச் சுற்றோ சுற்றென்று சுற்றிப் பெட்டியின் ஒரு கோடியில் வைத்தாள்.

அதற்குள் சசிகலா ஏழெட்டுக் கொட்டாய்க்கும் போய்விட்டு வந்திருந்தாள். என்ன சொன்னாளோ தெரியாது. சாக்குப்பை நிறைய பாட்டில்கள். கலர் பாட்டில், கோயில் பார்க்க வந்தவர்கள் வீசிவிட்டுப் போன தண்ணீர் பாட்டில், யாரோ ஒருவர் எண்ணெய் பாட்டிலைச் சாம்பல் போட்டுத் துலக்கியே கொடுத்திருந்தார்கள். டேங்கு வருவதற்கு முன்பே அவரவர் பானையிலிருந்து மொண்டு நிரப்பிய தண்ணீர். மருந்தை ஐஸுக்கு எதிர்க்கோடியில் வைத்து, நடுவில் பாட்டில்களை நெருக்கி அடுக்கினார்கள். கூரையிலிருந்து உருண்டை பிளக் இறங்கியது. ராசாங்கம் அதைத் துடைத்து, யார் முகத்தையும் பார்க்காமல் சொருகினார். பெட்டியை மறைப்போரம் தள்ளி, சல்லடைக்கு எதிரில் ஒரு முழம் இடம் விட்டார்கள்.

மூட்டம் பத்துமணி வாக்கில் கலைந்தது. தகட்டில் வெயில் விழுந்தது. பெட்டி வெகுநேரம் உறுமியது. பிறகு, கொட்டாயில் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருக்க, தானாக நின்றது.

வேம்பு தூக்குவாளியைக் கையை நீட்டிக் கேட்டாள். “பாலக் குடு.”

“தாளுல இல்லியே யக்கா.”

“குடுன்னா குடு. ஆனா ஊசி போடுற நேரத்துக்குத்தான் தொறப்பேன். எடையில அழுதாலும் தொறக்கமாட்டேன்.”

மருந்து கெட்டதா இல்லையா என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பார்வைக்கு அதே மருந்துதான். போன வருசமும் அப்படித்தான் இருந்தது. காலையிலும் சாயங்காலத்திலும் அதையேதான் போட்டுக்கொண்டாள் வெற்றிச்செல்வி. மிஷின் காட்டிய நம்பர் பரவாயில்லை என்றாள். ராசாங்கத்துக்கு அது போதும். கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தார். வேம்பு கஞ்சியைத் தொடவில்லை.

மறுநாள் விடியும்போதே மகளை எழுப்பி ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். சசிகலாவும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கரையில் காற்று இருந்தது. கீழே வயலில் யாரோ தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

“ஊது.”

வெற்றிச்செல்வி ஊதினாள்.

வேம்பு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இன்னும் கிட்டே போனாள். “இன்னொரு வாட்டி.”

ஊதினாள்.

“என்னா யக்கா?” சசிகலாவின் குரல் அடங்கிப்போயிருந்தது.

“பழஞ்சோறு” என்றாள் வேம்பு. “பழஞ்சோறும் வெங்காயமும். வேற ஒன்னும் இல்ல.” சொல்லிவிட்டுக் கரைமேலேயே உட்கார்ந்து, மகளின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள்.

“விடும்மா, ஆளுங்க பாக்குறாங்க” என்றாள் வெற்றிச்செல்வி. ஆனால் காலை எடுக்கவில்லை.

அன்று மத்தியானம் மேட்டில் நின்று மகனுக்குச் சொன்னார்கள். அவன் மறுபடியும் போனில் பேசிப் பேசியே ஒரு தாள் அனுப்பினான். கோயில் பக்கத்துக் கடையில் எடுத்துவந்து பழைய தாள் இருந்த இடத்தில் ஒட்டினாள் வேம்பு. சித்திரை முடிந்து கொட்டாயைப் பிரிக்கும்வரை அது அங்கேயே இருந்தது. சசிகலாவின் பிள்ளையும் அதற்குள் ஊசி நேரத்துக்குப் பசிக்கப் பழகியிருந்தது.

“என் பேரு மணிவண்ணன். வயசு இருவத்தி மூணு. குவைத்துல இருக்கேன். இந்தப் பொட்டியில என் தங்கச்சி மருந்து இருக்கு. மருந்தச் சுத்தித் தண்ணி பாட்டிலு இருக்கு, காட்டுல இருக்கறவங்க அவங்க அவங்க பானையிலேர்ந்து குடுத்தது. வாளியில இருக்கற பாலு சசிகலா அக்கா வூட்டுப் புள்ளையோடது. பொட்டி மேல சாக்கு, துணி எதையும் போடாதீங்க, பக்கத்துல இருக்கற சல்லடைய மறைக்காதீங்க. உருண்ட பிளக்க மாத்தாதீங்க. அந்தத் தண்ணி சும்மா கெடக்குதுன்னு நெனச்சுடாதீங்க, ராத்திரியெல்லாம் அதுதான் மருந்தப் பாத்துக்குது. இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன். தாவமா இருந்தா பக்கத்துக் கொட்டாயில சசிகலா அக்கா பானை இருக்கு, மொண்டு குடிங்க. இதுல இருக்கற பாட்டில மட்டும் எடுத்துடாதீங்க.”